சிவப்புப் பம்பு, பச்சைப் பம்பு

ஓர் அடிபம்பை நினைத்துக்கொள்ளுங்கள். தெருமுனையில் நிற்குமே, கைப்பிடி தேய்ந்து வழவழவென்று, பக்கத்தில் நாலு குடம் வரிசையில் காத்திருக்க. அதேதான். அடித்தால் சில்லென்று தண்ணீர் கொட்டும். பளிங்கு மாதிரி இருக்கும். கையில் ஏந்திக் குடித்தால் லேசாக இரும்பு வாடை அடிக்கலாம். மற்றபடி ஒரு குறை சொல்ல முடியாது.

இந்தத் தண்ணீர் உங்களைக் கொல்லும் என்று யாராவது வந்து சொன்னால் நம்புவீர்களா? அதுவும் இன்றைக்கு, நாளைக்கு அல்ல. பத்து வருஷம், பதினைந்து வருஷம் கழித்து!

போய்யா வேலையைப் பார்த்துக்கொண்டு என்றுதான் சொல்வீர்கள். பங்களாதேஷ் கிராமத்து மக்களும் அப்படித்தான் சொன்னார்கள். அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. ஏனென்றால், இந்தப் பம்புத் தண்ணீர்தான் சுத்தமான தண்ணீர் என்று அவர்களுக்குப் பாடம் எடுத்ததே அரசாங்கமும் ஐ.நா. சபையும்தான்.

கொஞ்சம் பின்னால் போகலாம்.

1971-ல் பங்களாதேஷ் பிறந்தபோது அது ஒரு பிணக்காடு. முந்தைய வருஷம் நவம்பரில்தான் போலா புயல் வந்து லட்சக்கணக்கானவர்களை வாரிக்கொண்டு போயிருந்தது. பின்னாலேயே போர். பிழைத்துக் கிடந்தவர்களுக்குக் குடிக்க என்ன இருந்தது? குளம், குட்டை, ஆறு. ஊரெல்லாம் தண்ணீர்தான். ஆனால் மாடு குளிப்பாட்டுவதும் அதில்தான், துணி துவைப்பதும் அதில்தான், கழிவு வந்து சேர்வதும் அதில்தான். விளைவு, காலரா, வயிற்றுப்போக்கு. குழந்தைகள் கொத்துக் கொத்தாகச் செத்தார்கள்.

யுனிசெஃப் ஒரு வழி சொன்னது. மேலே உள்ள தண்ணீர் கெட்டது. கீழே உள்ள தண்ணீர் நல்லது. மண்ணே வடிகட்டிக் கொடுக்கிறது. எனவே குழாயை இறக்கு, பம்பை மாட்டு. அந்நாட்டின் பொதுச் சுகாதாரப் பொறியியல் துறையோடு சேர்ந்து ஊர் ஊராகக் குழாய்க் கிணறு போட ஆரம்பித்தார்கள்.

போடுவதும் ரொம்ப சுலபம். நம்மூர் மாதிரி பாறையைக் குடைய லாரியில் மிஷின் வர வேண்டாம். பங்களாதேஷ் பூமி வண்டல் பூமி. மூங்கிலில் ஒரு சாரம் கட்டுவார்கள். இரும்புக் குழாயைச் செங்குத்தாக நிறுத்தி, சாணி கரைத்த தண்ணீரை ஊற்றி, மேலும் கீழுமாகக் குத்துவார்கள். சாரத்தின் உச்சியில் உட்கார்ந்திருக்கும் ஆள் குழாயின் வாயை உள்ளங்கையால் மூடி மூடித் திறப்பார். அவர் கைதான் வால்வு! சேறு பீய்ச்சிக்கொண்டு மேலே வரும், குழாய் கீழே இறங்கிக்கொண்டே போகும். கிணறு ரெடி.

இவ்வளவு சல்லிசாகக் கிடைத்தால் யார் சும்மா இருப்பார்கள்? அரசாங்கம் போட்டது கொஞ்சம்தான். மிச்சமெல்லாம் ஜனங்கள் சொந்தக் காசில் போட்டுக்கொண்டது. வீட்டு முற்றத்தில் ஒரு பம்பு என்பது கௌரவம். தொண்ணூறுகளின் இறுதியில் நாடெங்கும் சுமார் ஒரு கோடிப் பம்புகள் என்று கணக்கு. குழந்தைச் சாவும் குறைந்திருந்தது. அதற்குப் பல காரணங்கள் உண்டு என்றாலும் பம்புக்கும் ஒரு பங்கைக் கொடுத்தார்கள். 2000-வது ஆண்டுக்குள் 80 சதவீத மக்களுக்குப் பாதுகாப்பான குடிநீர் என்று வைத்த இலக்கைத் தாண்டிவிட்டதாக 1997-ல் யுனிசெஃப் சொன்னது.

கவனியுங்கள், 1997. அந்தத் தண்ணீரில் என்ன இருக்கிறது என்று கல்கத்தாவில் ஒரு டாக்டர் கண்டுபிடித்து அப்போது 14 வருஷம் ஆகியிருந்தது.

என்ன இருந்தது?

ஆர்செனிக். நம் பாஷையில் பாஷாணம். சித்த வைத்தியர்களுக்கு வெள்ளைப் பாஷாணம், தாளகம், மனோசிலை எல்லாம் பழக்கமான சரக்குகள். மூன்றுமே ஆர்செனிக் குடும்பம்தான். ஐரோப்பாவில் சொத்துக்காகக் கிழவர்களைத் தீர்த்துக்கட்ட ஒரு காலத்தில் இதைத்தான் சூப்பில் கலந்தார்கள். ருசி கிடையாது, வாசனை கிடையாது, நிறம் கிடையாது. கொலைகாரனுக்கு வேறென்ன வேண்டும்?

ஆனால் பங்களாதேஷில் கொலைகாரன் என்று யாரும் இல்லை. எந்தத் தொழிற்சாலையும் கழிவைக் கொட்டவில்லை. இது இயற்கையாகவே பூமிக்குள் கிடக்கும் விஷம்.

எப்படி? இமயமலைப் பாறைகளில் கொஞ்சம் ஆர்செனிக் உண்டு. மழையும் வெயிலும் பாறையை அரிக்க, கங்கையும் பிரம்மபுத்திராவும் அந்த மண்ணை அடித்துக்கொண்டு வந்து டெல்டாவில் கொட்டுகின்றன. மணல் துகளின் மேல் இரும்புத் துரு ஒரு போர்வை மாதிரிப் படிந்திருக்கும். ஆர்செனிக் அந்தத் துருவைக் கட்டிப் பிடித்துக்கொண்டிருக்கும். அதுவரை ஆபத்தில்லை. பிரச்னை, கூடவே புதையும் செடி கொடிக் குப்பையில்தான். அதைத் தின்னும் நுண்ணுயிரிகள் மண்ணுக்குள் இருக்கிற ஆக்சிஜனையெல்லாம் காலி செய்கின்றன. ஆக்சிஜன் தீர்ந்தால் அடுத்து இரும்புத் துருவில் கை வைக்கின்றன. துரு கரைகிறது. ஒட்டிக்கொண்டிருந்த பாஷாணமும் தண்ணீரில் இறங்கிவிடுகிறது.

விவசாயத்துக்கு மோட்டார் போட்டு உறிஞ்சியதால்தான் இந்த வினை என்று ஆரம்பத்தில் ஒரு கட்சி வாதாடியது. நீர்மட்டம் இறங்கி, காற்று உள்ளே புகுந்து, கந்தகத் தாதுவிலிருந்து ஆர்செனிக் வெளியேறுகிறது என்பது அவர்கள் கணக்கு. 1998-ல் லண்டன், டாக்கா ஆய்வாளர்கள் 'நேச்சர்' இதழில் எழுதியது இதற்கு நேர் எதிர். காற்று புகுந்ததால் அல்ல, காற்று இல்லாததால்தான் என்றார்கள். இன்றைக்குப் பெரும்பாலானோர் ஏற்றுக்கொண்டிருப்பது இதைத்தான்.

இதில் வயிற்றெரிச்சல் என்ன தெரியுமா? குளத்துத் தண்ணீரில் இந்த விஷம் இல்லை. அந்தக் கால உறைகிணறுகளிலும் பெரும்பாலும் இல்லை. திறந்த கிணற்றில் காற்றுப் பட்டுக்கொண்டே இருக்கும். இரும்பு மறுபடி துருவாகி, ஆர்செனிக்கையும் இழுத்துக்கொண்டு அடியில் படிந்துவிடும். ரொம்ப ஆழத்திலும் தொல்லை குறைவு. சுமார் 20 ஆயிரம் வருஷங்களுக்கு முன், உறைபனிக் காலத்தில், கடல் மட்டம் இன்றைக்கு இருப்பதைவிட 120 மீட்டர் கீழே கிடந்தது. அதற்கும் முந்தைய மண்ணைத் தண்ணீர் அலசி அலசிப் போயிருக்கிறது. பனி உருகிக் கடல் உயர்ந்த பிறகு படிந்த புது வண்டலில்தான் விஷம். சாணித் தண்ணீர் ஊற்றி, சல்லிசாக, எந்த ஆழத்துக்குக் குழாய் இறக்கினார்களோ, சரியாக அந்த ஆழம்!

ஆக, நல்ல கிணற்றையும் விட்டார்கள், நல்ல ஆழத்தையும் விட்டார்கள். நடுவில் போய்க் கை வைத்தார்கள்.

*

1983 ஜூலை. கல்கத்தா வெப்பமண்டல மருத்துவக் கல்லூரி. தோல் மருத்துவர் கே.சி. சாஹாவிடம் 24 பர்கானா பக்கத்திலிருந்து நோயாளிகள் வருகிறார்கள். நெஞ்சிலும் முதுகிலும் மழைத்துளி தெறித்த மாதிரி கறுப்பும் வெளுப்புமாகப் புள்ளிகள். உள்ளங்கையும் உள்ளங்காலும் தடித்து, ஆணி ஆணியாக முளைத்திருக்கிறது. பார்த்தவர்கள் குஷ்டம் என்றிருப்பார்கள். சாஹா, ஆர்செனிக் என்றார். எல்லோரும் குடித்தது பம்புத் தண்ணீர். எண்பதுகளின் நடுவில் எல்லைக்கு அந்தப் பக்கத்திலிருந்தும் இதே புள்ளிகளோடு ஆட்கள் வந்தார்கள்.

எல்லைக்கோடு போட்டது ராட்கிளிஃப். பூமிக்கு அடியில் அது செல்லாது. இந்தப் பக்கம் இருக்கிற வண்டல்தானே அந்தப் பக்கமும்? இந்த ஒரு கேள்வியை டாக்காவில் யாராவது கேட்டிருந்தால் போதும்.

1988-ல் ஜாதவ்பூர் பல்கலைக்கழகத்தின் தீபங்கர் சக்ரவர்த்தி இதைக் கையில் எடுத்தார். வேதியியல்காரர். ஊர் ஊராகப் போய்த் தண்ணீர், முடி, நகம் என்று பாட்டில் பாட்டிலாகச் சேகரித்துப் பரிசோதித்தார். அதிகார வட்டாரத்தில் அவருக்குக் கிடைத்த பட்டம், பீதி கிளப்புகிறவர். மனிதர் விடவில்லை. 2018-ல் காலமாகிறவரைக்கும் இதே வேலை.

பங்களாதேஷ் அரசுத் துறை முதன்முதலில் ஆர்செனிக்கைக் கண்டது 1993-ல். மேற்கு வங்க எல்லையோரம், சாப்பாய் நவாப்கஞ்ச் மாவட்டக் கிணறுகளில். 1995-ல் கல்கத்தாவில் சக்ரவர்த்தி ஒரு சர்வதேச மாநாடு கூட்டினார். 1998-ல் டாக்காவிலும் ஒன்று. டாக்கா சமூக மருத்துவமனையின் டாக்டர் காஜி கமருஸ்ஸமான் அதை முன்னின்று நடத்தினார். அதற்குப் பிறகுதான் உலகம் திரும்பிப் பார்த்தது.

83-லிருந்து 98. எண்ணிப் பாருங்கள், 15 வருஷம். ஆர்செனிக் விஷயத்தில் வருஷக் கணக்கு முக்கியம். இன்று குடித்தால் இன்று ஒன்றும் ஆகாது. ஐந்து, பத்து வருஷம் குடித்தபின் தோலில் தெரியும். அதன்பின் நுரையீரல், சிறுநீர்ப்பை, தோல் என்று புற்றுநோய் வர இன்னும் சில பத்தாண்டுகள் பிடிக்கும். குடிப்பதை நிறுத்திய பிறகும் வரும். சிலி நாட்டு ஆன்டஃபகாஸ்டா நகரத்தில் 1958-லிருந்து 1970 வரை ஆர்செனிக் கலந்த ஆற்று நீரை விநியோகித்தார்கள். பிறகு சுத்திகரிப்பு நிலையம் கட்டிவிட்டார்கள். ஆனால் புற்றுநோய்ச் சாவுகள் அதற்குப் பிறகும் பல வருஷங்களுக்கு நிற்கவில்லை. தைவானில் ஆழ்கிணற்றுத் தண்ணீர் குடித்தவர்களுக்குக் கால் கறுத்து அழுகியதும், அந்த ஊர்களில் தோல் புற்றுநோய் மலிந்திருந்ததும் 1968-லேயே அச்சில் வந்துவிட்டன. அர்ஜென்டினாவில் கதை 1917-லேயே ஆரம்பம்.

அதாவது, பங்களாதேஷில் முதல் பம்பு வேகம் பிடித்தபோதே கிணற்று நீரில் ஆர்செனிக் இருக்கலாம் என்பது உலகத்துக்குத் தெரிந்த சங்கதி. பிறகு ஏன் சோதிக்கவில்லை? அந்நாளைய வழக்கமான நிலத்தடி நீர்ச் சோதனைப் பட்டியலில் ஆர்செனிக் இல்லை. அவ்வளவுதான் பதில். பட்டியலில் இல்லை, எனவே பார்க்கவில்லை.

எவ்வளவு பெரிய விபரீதம் என்பது 2001-ல் வெளியான ஆய்வில் தெரிந்தது. பிரிட்டிஷ் புவியியல் ஆய்வு நிறுவனமும் பங்களாதேஷ் அரசும் சேர்ந்து நாட்டின் 64 மாவட்டங்களில் 61-ல், 3,534 கிணறுகளைச் சோதித்தன. பங்களாதேஷ் அனுமதித்த அளவு லிட்டருக்கு 50 மைக்ரோகிராம். 150 மீட்டருக்கு மேற்பட்ட ஆழமில்லாத கிணறுகளில் 27 சதவீதம் இதைத் தாண்டியிருந்தன. உலகச் சுகாதார நிறுவனத்தின் அளவு 10 மைக்ரோகிராம். அதை வைத்துப் பார்த்தால் 46 சதவீதம். ஆழக் கிணறுகளில் 50-ஐத் தாண்டியது வெறும் ஒரு சதவீதம். தலைக்கணக்கில் சொன்னால், 50-க்கு மேல் குடித்தவர்கள் மூன்றரைக் கோடிப் பேர். 10-க்கு மேல் என்றால் 5 கோடியே 70 லட்சம்.

50 மைக்ரோகிராம் என்பது எவ்வளவு? நம் தெருவுக்கு வருகிற 12 ஆயிரம் லிட்டர் தண்ணீர் லாரியில் 83 லாரியை வரிசையாக நிறுத்துங்கள். அத்தனைக்கும் சேர்த்து 50 கிராம். ஒரு கைப்பிடிகூட இல்லை. அதற்கு மேல் போனால் ஆபத்து. பல கிணறுகளில் அதன் பல மடங்கு இருந்தது.

ஒரு மக்கள் கூட்டத்துக்கு விஷம் ஏறிய சம்பவங்களில் சரித்திரத்திலேயே மிகப் பெரியது இதுதான் என்று 2000-ல் உலகச் சுகாதார நிறுவனத்தின் இதழில் எழுதினார், கலிஃபோர்னியா பல்கலைக்கழகப் பேராசிரியர் ஆலன் ஸ்மித். போபால், செர்னோபில் இரண்டையும் விடப் பெரியது. ஆனால் போபாலுக்கு ஒரு டிசம்பர் ராத்திரி இருக்கிறது. செர்னோபிலுக்கு ஓர் ஏப்ரல். இதற்குத் தேதி இல்லை. பத்திரிகையில் போட புகைப்படமும் இல்லை. ஒரு பெண் பம்படியில் குடம் நிரப்புவதை எந்த ஆசிரியர் முதல் பக்கத்தில் போடுவார்?

அந்தப் பெண்ணின் கதையையும் சொல்லிவிடுகிறேன். இது தொற்றுநோய் அல்ல. ஆனால் உள்ளங்கையில் ஆணி முளைத்த பெண்ணை யார் கட்டிக்கொள்வார்கள்? கல்யாணமாகிப் போனவளைப் பிறந்த வீட்டுக்குத் திருப்பி அனுப்பினார்கள். சாபம் என்றார்கள். புள்ளி உள்ள பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் ஒதுக்கினார்கள். ஒரே பம்பில் குடித்த மாமியாருக்கு ஒன்றும் இருக்காது, மருமகளுக்கு இருக்கும். எனவே தண்ணீர் மேல் சந்தேகமே வராது, மருமகள் மேல்தான் வரும். மருந்து? நல்ல தண்ணீரைத் தவிர, நிரூபணமான மருந்து எதுவும் இல்லை. ஏழைகளுக்குத்தான் அதிகப் பாதிப்பு. சத்தான சாப்பாடு உள்ள உடம்பு விஷத்தை ஓரளவு வெளியேற்றிவிடும். இல்லாத உடம்பு என்ன செய்யும்?

*

இனி கோர்ட் கதை. எனக்கு இந்த விஷயத்தில் ஈர்ப்பு வந்ததே இங்கேதான்.

மேலே சொன்ன அதே பிரிட்டிஷ் புவியியல் ஆய்வு நிறுவனம், 1992-லேயே ஒருமுறை பங்களாதேஷுக்கு வந்திருக்கிறது. பிரிட்டிஷ் அரசின் உதவித் திட்டத்தில், சுமார் 150 கிணறுகளின் தண்ணீரை எடுத்து வரிசையாகப் பல தனிமங்களுக்குப் பரிசோதித்தது. அறிக்கையும் கொடுத்தது. ஆர்செனிக்குக்கு மட்டும் பார்க்கவில்லை. பார்க்கவில்லை என்று தனியாகச் சொல்லவும் இல்லை. இத்தனைக்கும் பிரிட்டனில் நிலத்தடி நீருக்கு அதே நிறுவனம் ஆர்செனிக் சோதனை செய்திருக்கிறது.

பிரம்மன்பாரியா மாவட்டத்து கிராமத்துக்காரர் ஒருவர் லண்டனில் வழக்குப் போட்டார். அவருக்குப் பின்னால் இன்னும் நூற்றுக்கணக்கானவர்கள். நீங்கள் பார்த்திருந்தால் எங்களுக்கு 1992-லேயே தெரிந்திருக்கும், நாங்கள் அந்தத் தண்ணீரைக் குடித்திருக்க மாட்டோம் என்பது வாதம். 2003-ல் உயர் நீதிமன்றம், வழக்கை விசாரிக்கலாம் என்றது. 2004-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தள்ளிவிட்டது. 2006 ஜூலையில் பிரபுக்கள் சபை கதவை முழுசாகச் சாத்தியது. அந்நாட்டின் குடிநீருக்கு அந்த நிறுவனம் பொறுப்பல்ல, அதைக் கண்காணிக்கும் அதிகாரமும் அதற்கில்லை. ஓர் அறிக்கை எழுதியதாலேயே அதைப் பார்க்காத லட்சக்கணக்கான பேருக்குக் கடமைப்பட்டவர்களாகிவிட முடியாது. தீர்ப்பின் சாரம் இதுதான்.

நான் படித்தது காமர்ஸ். கெமிஸ்ட்ரி எல்லாம் கேள்வி ஞானம்தான். ஆனால் ஆடிட்டிங் பேப்பரில் நூறு வருஷப் பழைய பிரிட்டிஷ் தீர்ப்பு ஒன்றை மனப்பாடம் செய்யாமல் எந்த பி.காம்காரனும் வெளியே வந்ததில்லை. 1896, கிங்ஸ்டன் காட்டன் மில் வழக்கு. ஆடிட்டர் என்பவர் காவல் நாய்தான், மோப்ப நாய் அல்ல. சந்தேகம் எழ முகாந்திரம் இல்லையென்றால் அவர் துருவ வேண்டியதில்லை. பரீட்சையில் அதை எழுதிப் பத்து மார்க் வாங்கிய எல்லோருக்கும் லண்டன் தீர்ப்பு புரியும். சட்டப்படி அதில் ஓட்டை கண்டுபிடிப்பது கஷ்டம். இருந்தாலும் எனக்கு ஒன்று உறுத்துகிறது. பக்கத்து மாநிலத்தில் 1983-லிருந்தே நோயாளிகள் இருந்தார்கள். முகாந்திரம் என்றால் வேறென்ன?

போகட்டும். தண்ணீருக்கு என்ன செய்தார்கள்?

பெயின்ட் அடித்தார்கள். நிஜமாகவே! உலக வங்கிக் கடனில் 1998-ல் ஆரம்பித்த திட்டத்தில் சுமார் 50 லட்சம் பம்புகளைச் சோதித்து, 50 மைக்ரோகிராமுக்கு மேல் இருந்தால் மூக்கில் சிவப்பு, கீழே இருந்தால் பச்சை. 14 லட்சம் பம்புகள் சிவப்பு. என்னைக் கேட்டால் இந்த மொத்த சரித்திரத்திலேயே உருப்படியான காரியம் இதுதான். காரணம், இந்த விஷம் ஒரே சீராகப் பரவியிருக்கவில்லை. உங்கள் வீட்டுப் பம்பு சிவப்பு என்றால் நாலு வீடு தள்ளி இருப்பது பச்சையாக இருக்கும். டாக்காவுக்குப் பக்கத்தில் அராய்ஹஜார் என்ற இடத்தில் கொலம்பியா பல்கலைக்கழகத்தார் 6 ஆயிரம் பம்புகளை அளந்தார்கள். ஏறக்குறைய பாதி கெட்டது. ஆனால் பத்தில் ஒன்பது பேருக்கு, நூறு மீட்டர் தூரத்துக்குள் ஒரு நல்ல பம்பு இருந்தது.

ஃபில்டர்களும் வந்தன. குஷ்டியா பக்கத்துக்காரரான அபுல் ஹுஸ்ஸாம், அமெரிக்காவில் வேதியியல் பேராசிரியர். இரண்டு வாளி, மணல், இரும்புத் துகள் கலவை, கரி, செங்கல் ஜல்லி, இவற்றை வைத்து 'சோனோ' என்றொரு ஃபில்டர் செய்தார். கரண்ட் வேண்டாம். துருப்பிடித்த இரும்பு ஆர்செனிக்கைப் பிடித்துக்கொள்ளும். பூமிக்குள் துரு செய்த அதே வேலை! 2007-ல் அமெரிக்காவின் கிரெய்ன்ஜர் பரிசு, 10 லட்சம் டாலர், அவருக்குக் கிடைத்தது. பெரும்பகுதியை ஃபில்டர் விநியோகத்துக்கே கொடுத்துவிட்டார்.

அரசாங்கம் ஆழக் கிணறுகள் போட்டது. யார் வீட்டு வாசலில்? 2016-ல் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் வெளியிட்ட அறிக்கையைப் படித்தால், நம் ஊர் சமாசாரமோ என்று சந்தேகம் வரும். புதுக் கிணறுகளில் பாதியை எங்கே போடுவது என்பதில் எம்.பி.க்களுக்குச் செல்வாக்கு இருந்தது. அது கட்சிக்காரர் வீட்டு முற்றத்துக்கும் சொந்தக்காரர் தோட்டத்துக்கும் போனது. சில இடங்களில் அந்தப் பக்கம் ஆர்செனிக்கே கிடையாது! அந்த வருஷத்தில் இன்னும் 2 கோடிப் பேர் விஷத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார்கள் என்கிறது அறிக்கை.

அராய்ஹஜாரில் பம்பை அளந்தவர்கள் அதோடு நிற்கவில்லை. 2000-லிருந்து கிட்டத்தட்ட 12 ஆயிரம் பேரைத் தொடர்ந்து கவனித்தார்கள். யார் எந்தப் பம்பில் குடிக்கிறார், சிறுநீரில் எவ்வளவு ஆர்செனிக், யார் எதனால் செத்தார் என்று எல்லாம் நோட்டுப் போட்டுக் குறித்தார்கள். 2010-ல் முதல் கணக்கு வந்தது. அங்கே நிகழ்ந்த சாவுகளில் ஐந்தில் ஒன்று, 10 மைக்ரோகிராமுக்கு மேற்பட்ட ஆர்செனிக்கின் கணக்கில் சேர வேண்டியது.

2025-ல் இன்னொரு கணக்கு. இருபது வருஷத்தில் உடம்பிலுள்ள ஆர்செனிக்கை அதிக அளவிலிருந்து குறைந்த அளவுக்குக் கொண்டுவந்தவர்கள், அப்படியே குடித்துக்கொண்டிருந்தவர்கள், இரு தரப்பையும் ஒப்பிட்டார்கள். மாறியவர்களில் இதய நோய், புற்றுநோய் போன்ற நாள்பட்ட நோய்ச் சாவு பாதி வரைக்கும் குறைந்திருந்தது. பல வருஷம் விஷம் குடித்த உடம்புகள்தான் அவையும். அவர்களில் பலர் செய்தது, குடத்தை எடுத்துக்கொண்டு வேறொருவர் பம்புக்கு நடந்ததுதான்.

இதற்குள் சிவப்பு பெயின்ட் பல இடங்களில் மழையில் கரைந்துவிட்டிருந்தது. பெயின்ட் அடித்த பிறகு ஜனங்கள் சொந்தக் காசில் போட்டுக்கொண்ட லட்சக்கணக்கான பம்புகளில் ஏராளமானவை ஒருமுறைகூடச் சோதனையைப் பார்க்கவில்லை. அவை சிவப்பும் இல்லை, பச்சையும் இல்லை. இரும்பு நிறத்தில் நிற்கின்றன.